மண்டூர் வீட்டுப் பழங்கறி

மகன்,

சனிக்கிழமை நீ கொழும்பிலிருந்து வந்து சேரும்போது இந்தக் கடிதம் உன் தலையணையில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பினால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாய். நேரில் சொல்லலாம் என்றால் எனக்குக் குரல் உயரும், உனக்கு முகம் இறங்கும், நடுவில் உன் அம்மா சோறு ஆறுகிறது என்று கூப்பிடுவாள். ஆகவே எழுதுகிறேன். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. நான் எழுத எழுத உன் அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் படிக்கிறாள். உன் தங்கை முதல் பக்கத்தை ஏற்கெனவே படம் பிடித்துவிட்டாள். பெண் வீட்டில் போய் வாழப்போகிற எந்த மாப்பிள்ளையும் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயம் நண்டு. சிரிக்காதே. கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, கூறை எடுத்தாகிவிட்டது, டோகாவில் ஆறு வருடம் ஹோட்டல் குசினியில் நின்ற நீ கல்லடியில் வேலையும் எடுத்துவிட்டாய். எல்லாம் சரியாக நடக்கிறது. ஒரு சட்டி நண்டாணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நாம் நால்வரும் மண்டூருக்குப் பெண் வீட்டு விருந்துக்குப் போனோம். குருமண்வெளித் துறையில் பாதைப் படகில் ஏறி, மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒரு மூட்டை வெங்காயத்துக்கும் நடுவில் நின்றபடி வாவியைக் கடந்தோம். உன் வருங்கால மாமி அன்று என்னவெல்லாம் சமைத்திருந்தார் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகல நண்டு, முருங்கை இலை போட்ட கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. நீயும் வெட்கமில்லாமல் மூன்று நண்டு உடைத்தாய். பின்னேரம் காற்றும் மழையும் பிடித்துக்கொள்ளப் பாதை ஓடாது என்றார்கள். சுற்றுவழியால் ஓட்டோ பிடித்துப் போகிறோம் என்றேன், அந்த மனுசி விடவில்லை. தங்கினோம். அடுத்த நாள் மத்தியானம் சோற்றில் ஊற்ற ஒரு சட்டி ஆணம் வந்தது. மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு, முதல் நாள் மிஞ்சிய நண்டின் ஓட்டுக் கோதுகளை இடித்து அவித்து வடித்து, சதையைக் கிள்ளி மேலே போட்ட ஆணம். எனக்கு வாசத்திலேயே பசி எழும்பிவிட்டது. நீ சட்டிக்குள் எட்டிப் பார்த்தாய்.

"இது நேத்தைய நண்டா மாமி? நாங்க ஹோட்டல்ல இதெல்லாம் வைக்கிறல்ல," என்றாய்.

நீ முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். அவரும் சிரித்துக்கொண்டுதான் அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு குசினியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. ஒரு பொரித்த முட்டையோடு திரும்பி வந்து உன் சோற்றுக் கோப்பையில் வைத்தார். உனக்குப் பெண்சாதியாக வரப்போகிறவள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அது என் பிழை. அந்த இடத்திலேயே "எனக்கு ஊத்துங்க" என்று கோப்பையை நீட்டியிருக்க வேண்டும். மகனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மடத்தனமாக, பின்னால் எனக்கும் வந்த முட்டையைத் தின்றேன்.

திரும்பி வரும்போது பாதையில் நின்று நீ என்னிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பழங்கறி தருகிற வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்றாய். கலியாணம் முடிந்ததும் மட்டக்களப்பு டவுனில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப்போவதாகவும் சொன்னாய். வாடகைக்கு இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்குக் கிட்ட என்று சொல்லியிருந்தால் நானே உன்னோடு அலைந்து வீடு பார்த்திருப்பேன். ஆனால் நீ சொன்ன காரணம் வேறு. புருசன் போன பிறகு தனியாளாக நின்று, மகளுக்கென்று அறை அறையாக அந்த வீட்டைக் கட்டி முடித்த ஒருத்தியை, ஒரு சட்டி ஆணத்தை வைத்து நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். அதுவும் தலைகீழான தீர்ப்பு.

செவ்வாய்க்கிழமை அவர் உன் அம்மாவுக்குப் போன் எடுத்தார். கலியாண வேலையெல்லாம் கதைத்துவிட்டு, வைக்கிற நேரத்தில் மெதுவாகக் கேட்டாராம்: "மச்சாள், தம்பிக்கு முட்டைய அவிச்சா விருப்பமா, பொரிச்சா விருப்பமா? அதுக்கேத்தாப்போல நாலு கோழி வளப்பம் எண்டு பாக்கன்."

உன் அம்மா போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் நீ ஆயுளுக்கும் முட்டை தின்னப்போகிறாய் மகன். எனக்குள்ள பயம் இதுதான். கலியாணம் நின்றுவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. நீ அந்த வீட்டில் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுவாய் என்பதுதான் பயம். அதில் எனக்கு அனுபவம் உண்டு. உனக்கு இதுவரை சொல்லாத அனுபவம்.

நான் கிரானில் வயலுக்குள் பிறந்து வளர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்கு வயல் வட்டை தெரியும், வரம்பு தெரியும், குளத்து மீன் தெரியும். நண்டை நான் முதன்முதலில் ஒழுங்காக உடைத்தது உன் அம்மாவைக் கட்டி இந்த வாவிக்கரை வீட்டுக்கு வந்த பிறகுதான். உன் அம்மப்பா, அதாவது என் மாமா, வாவியில் நண்டு பிடித்தவர். மற்றக் கறியெல்லாம் வீட்டுப் பெண்கள் சமைப்பார்கள், நண்டுச் சட்டியை மட்டும் வேறொருவரும் தொட அவர் விடமாட்டார். முழு நண்டெல்லாம் வியாபாரிக்குப் போய்விடும். காலொடிந்தது, கொடுக்கு இழந்தது எல்லாம் வீட்டுச் சட்டிக்கு வரும். கலியாணம் முடிந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, முதல் நாள் மிஞ்சிய நண்டில் ஆணம் வைத்து எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். நான் அப்போது புதுச் சாரம் உடுத்து, பவுடர் பூசி, பெரிய மாப்பிள்ளையாக முன்விறாந்தையில் கதிரை போட்டு இருந்தவன். "நேத்தையதா?" என்று கேட்டேன். உன்னைப் போலச் சிரிக்கக்கூட இல்லை. மூக்கைத்தான் சுருக்கினேன்.

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, அதை ஒரு மந்திரிக்குச் செய்திருக்கமாட்டார்கள். எட்டு மாதம், ஒவ்வொரு நேரமும் எனக்குத் தனியாகப் புதுக்கறி. முன்விறாந்தையில் மேசை, மேசைக்கு விரிப்பு, பொரித்த மீன், பொரித்த முட்டை. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தின்றேன். கிரானுக்குப் போகும்போதெல்லாம் என் மாமன் வீட்டு மரியாதையைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். என் வயிறு அந்த எட்டு மாதத்தில் போட்டதுதான், இன்னும் இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நேரத்தோடு வயலிலிருந்து வந்துவிட்டேன். முன்னால் யாரும் இல்லை. குசினிப் பக்கம் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால் மாமா, மாமி, உன் அம்மா, அவளுடைய தம்பிமார் எல்லாரும் தரையில் சுற்றி இருந்து, நடுவில் ஒரு கறுத்த சட்டியை வைத்து, சோற்றில் ஆணத்தை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோப்பையிலிருந்து மற்றவர் நண்டுக் காலைப் பிடுங்குகிறார். கலியாணம் கட்டி எட்டு மாதத்தில் உன் அம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். மாமி அவசரமாக எழும்பி, "இரிங்க மருமகன், முட்டை பொரிச்சித் தாறன்," என்றார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. புதுக்கறி என்னை உயர்த்தி வைத்திருக்கவில்லை, வெளியே வைத்திருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் புதிதாகச் சமைத்துப் போடலாம். கிராமசேவகர் வந்தாலும் போடுவார்கள், பெண் பார்க்க வந்தவர்களுக்கும் போடுவார்கள். மிச்சத்தை எடுத்து வைத்து, மினக்கெட்டுக் கோது இடித்து, ஆணம் காய்ச்சி, கூச்சப்படாமல் ஒருவன் முன்னால் வைக்கிறார்கள் என்றால், அவனை நம்முடைய ஆள் என்று அந்த வீடு எண்ணிவிட்டது. என் மாமா நாலாம் நாளே அப்படி எண்ணியிருக்கிறார். நான்தான் எட்டு மாதம் பிந்திப் போனேன்.

முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, உன் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். சட்டியில் அடி ஆணம்தான் கிடந்தது. மாமா சட்டியைச் சரித்து, அகப்பையால் வழித்து, என் சோற்றில் ஊற்றினார். சாப்பிட்டேன். மிளகுக் காரமும் வாவி உப்பும் நண்டின் இனிப்புமாக இறங்கியது. கண்ணால் தண்ணீர் வந்தது. மிளகு என்று சொல்லிச் சமாளித்தேன். மாமா அன்றுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மருமகன் இண்டைக்குத்தான் நம்மட வீட்டுக்கு வந்திரிக்காரு," என்றார்.

இப்போது நீ உன் ஹோட்டல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடம் படித்த தொழில், நானும் மறுக்கவில்லை. நண்டும் இறாலும் மட்டிச் சிப்பியும் சமைத்த பிறகு வெக்கையில் கிடந்தால் கெட்டுப்போகும், கெட்டதைச் சூடாக்கினாலும் நல்லதாகாது. இதையும் நான் பட்டுத்தான் படித்தேன். தரையில் இருந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு எனக்கு ஆணப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு பங்குனி வெயிலில், மாமா வாவிக்குப் போன நாளாகப் பார்த்து, காலையில் அவித்த மட்டி சட்டியோடு பின்னேரம்வரை குசினியில் கிடந்ததை எடுத்து, பழப்புளி கரைத்து, கொச்சிக்காய் கிள்ளிப் போட்டு, நானே ஒரு புளியாணம் காய்ச்சினேன். வாசம் அபாரம். நான், உன் அம்மா, உன் பெரிய மாமன் மூவரும் குடித்தோம். அன்று பொழுதுபட்டதிலிருந்து மூவரும் ஒரே ஒரு கக்கூசுக்கு வரிசையில் நின்றோம். உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டு முந்தி ஓடியதை இன்றும் ஒத்துக்கொள்ளமாட்டாள். இதை எழுதும்போதே தோளில் ஒரு குத்து விழுந்தது. மாமா வந்து மூவருக்கும் கஞ்சி காய்ச்சித் தந்துவிட்டு, ஆணத்தில் பிழையில்லை, வைத்திருந்த நேரத்தில்தான் பிழை என்று மட்டும் சொன்னார். அந்த மனுசன் உன் ஹோட்டலைக் கண்டதில்லை, ஆனால் உன் சட்டம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் கேள். அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டூரில் சாப்பிட்டு முடித்து நாமெல்லாம் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்தோமே, நான் தண்ணீர் குடிக்க எழும்பிக் குசினிக்குள் போனேன். உன் மாமி இன்னும் சாப்பிடவே இல்லை. அதற்கு முன்னமே மிச்ச நண்டைக் குழம்பிலிருந்து வேறாக எடுத்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடிபோட்ட பெட்டியில் அடைத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பால் குழம்பு தங்காது என்று அதை வைக்கவில்லை. அடுத்த நாள் அந்த ஆணம் கொதித்த கொதிப்பை விறாந்தையில் இருந்தே கேட்டேன். உன் ஹோட்டலில் இதைவிட ஒழுங்காகச் செய்வார்களா? நீ சொன்ன சட்டம் சரி மகன், சொன்ன இடம்தான் பிழை. அந்த மனுசியிடம் எப்படி வைத்தீர்கள் மாமி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உனக்கும் அவருக்கும் ஒரு மணித்தியாலம் கதைக்க விஷயம் இருந்திருக்கும்.

அதுமட்டுமில்லை. டோகாவில் இருந்து நீ எனக்கு அனுப்பிய படங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். இறால் தலையையும் சிங்கி இறால் கோதையும் வறுத்து, அவித்து, வடித்து, வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, மேலே பாலால் ஒரு கோடு இழுத்து, எங்கள் ஹோட்டலின் பேர்போன சூப் என்று எழுதியிருந்தாய். வெள்ளைக் கோப்பையில் வந்தால் சூப், மண்டூரில் மண்சட்டியில் வந்தால் பழங்கறியா? உன் தங்கை அந்தப் படத்தை உன் வருங்கால மனைவிக்கு அனுப்பியே தீருவேன் என்று நிற்கிறாள். சனிக்கிழமைவரை பொறு என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

உனக்குச் சமையல் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் மாமாவின் கையைப் பார்த்துப் பார்த்து நான் பிடித்துக்கொண்ட நாலு விஷயம் உண்டு, அந்தக் குசினிக்குள் நுழைய உனக்கு உதவும். சதையை முதலில் கிள்ளி எடுத்து வைத்துவிட வேண்டும். ஒருமுறை வெந்த நண்டும் இறாலும் மறுபடி நெடுநேரம் கொதித்தால் செருப்புத் தோலாகிவிடும், ஆகவே சதை கடைசியில்தான் சட்டிக்குள் போகும், கொதி அதற்குள்ளும் ஏறியதும் இறக்கிவிட வேண்டும். வேலை செய்வது கோதுதான். அதை இடித்து, ஒரு சொட்டு எண்ணெயில் சிவக்க வறுத்து, தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் அவித்தால் போதும், ஆசைப்பட்டு இன்னும் விட்டால் கசப்பேறிக் கைக்கும். வடிக்கும்போது துணியால் வடி, இல்லாவிட்டால் கோதுத் துண்டு மாமியின் தொண்டைக்குள் போய் எனக்குப் பேச்சு வாங்கித் தருவாய். மட்டி அவித்த தண்ணீரை வெளியே ஊற்றிவிடாதே, மணல் அடியில் இறங்கவிட்டு மேலால் எடு, அந்த ஒரு கோப்பைத் தண்ணீர் முழு ஆணத்தையும் தூக்கி நிறுத்தும். உப்பைக் கடைசியில் பார், வாவிச் சாமானில் உப்பு தானாகவே இருக்கும். இவ்வளவுதான். மிச்சம் உன் மாமிக்குத் தெரியும், அவரிடம் கேள்.

இனி நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். மன்னிப்புக் கேட்கப் போகாதே. மன்னிப்புக் கேட்டால் அந்த மனுசி பதறிப்போய் மேசைக்கு விரிப்பு விரித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நல்ல நண்டாக வாங்கி அம்மா தருவாள். கொண்டுபோய்க் கொடு, எல்லாரோடும் சாப்பிடு, மூன்றல்ல நாலு நண்டு உடை. பாதையை வேண்டுமென்றே விட்டுவிட்டு அங்கேயே தங்கு. திங்கட்கிழமை மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய் நின்று, "மாமி, நேத்தைய நண்டு மிச்சம் இரிக்கா?" என்று கேள். முட்டை எடுக்கக் கை போனால் தடு. உரலைக் கேள், கோதை நீ இடி. டவுனில் வீடு பார்ப்பதா வேண்டாமா என்பதை அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் இருவரும் தீர்மானியுங்கள். என்ன முடிவென்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒன்று, இதை உன் அம்மா இந்தப் பக்கம் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி இந்த வீடு உன் தங்கைக்கு. நீ போகிறவன். போவது சரிதான், நானும் அப்படித்தான் கிரானை விட்டு வந்தேன். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு நீ பெண்சாதியோடு இந்தப் படியில் ஏறும்போது உன் அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். சந்தைக்கு ஆள் விடுவாள், கோழி அடிப்பாள், மேசை விரிப்பைத் தேடுவாள். நான் கிரானுக்குப் போனபோதெல்லாம் என்னைப் பெற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவர்கள் புதுக்கறி வைத்த முதல் நாள், சோற்றை விழுங்க நான் பட்ட பாட்டை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆகவே இப்போதே சொல்லி வைக்கிறேன். ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில், மூடிபோட்ட நீலப் பெட்டியில், நேற்றைய நண்டு உனக்காக எப்போதும் கொஞ்சம் இருக்கும். முன்விறாந்தையில் இருந்துவிடாதே. நேரே குசினிக்கு வா, மனே. நான் கோது இடித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா